நான் கத்தரித்துக் கொடுத்த மாத்திரைகள்

கோவில்பட்டியில் மெடிக்கல் கடை வைத்திருப்பவன் நான். டி.பார்ம் படித்து, லைசென்ஸ் எடுத்து, ஆயுளின் பெரும்பகுதியை அந்தக் கவுண்டருக்குப் பின்னாலேயே கழித்தவன். டாக்டர் சீட்டு இல்லாதவர்களுக்கு ஆன்டிபயாடிக் விற்றேன். பத்து மாத்திரை உள்ள அட்டையைக் கத்தரித்து நாலாகவும் ஆறாகவும் கொடுத்தேன். ஒருவர் இருவருக்கு என்றால் பரவாயில்லை. தினமும் கொடுத்தேன், வருடக்கணக்கில் கொடுத்தேன். அது சட்டப்படி குற்றம் என்று தெரியும். இப்படியே போனால் கிருமிக்கு மருந்து மரத்துப்போகும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் ‘செட்’ என்று ஒரு வழக்கம் உண்டு. சளி, காய்ச்சல், உடம்பு வலி என்று வருகிறவருக்கு ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று, அதோடு ஒரு ஆன்டிபயாடிக். நாலையும் சின்னக் காகித உறையில் போட்டு மடித்துக் கொடுத்தால் அது ஒரு செட். “ரெண்டு வேளைக்கு செட் குடுங்க அண்ணாச்சி” என்பார்கள். கையில் இருக்கிற காசுக்கு ஒரு நாளைக்கோ இரண்டு நாளைக்கோ கொடுப்பேன். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதை நோயும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்திருந்த காசு சொன்னது.

அட்டையைக் கத்தரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு முனையில் அச்சாகியிருக்கும். அந்த முனை கடைசி வரை கடையில் தங்கும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தரிப்போம். ஆன்டிபயாடிக் அட்டைகளில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடும் ஓடும். கோடு போட்ட மருந்தைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016இல் மத்திய அரசு பிரசாரமே செய்தது. நாலு மாத்திரைத் துண்டில் அந்தக் கோடு விரல் நகத்தளவு வரும். சில துண்டுகளில் வராமலே போகும். என் கையிலிருந்து வாங்கிப் போனவர்கள் எதைப் பார்த்து எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள்?

ஏன் விற்றாய் என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. இந்தப் பக்கத்துப் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், இல்லையென்றால் காட்டு வேலைக்கு. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. தனியாரிடம் போனால் ஃபீஸ், ஊசி, டெஸ்ட். மழையை நம்பி விதைக்கிற மானாவாரிக் கரிசல். ஐப்பசி கார்த்திகை பொய்த்துவிட்டால் மாசியில் வீட்டில் சில்லறை இருக்காது. இவர்களுக்கு நான் உபகாரம்தானே செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. நான் கொடுக்காவிட்டால் நாலு கடை தள்ளிப் போய் வாங்குவார்கள், பிறகு சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் அங்கேயே போய்விடுவார்கள். இந்த இரண்டாவதுதான் உண்மையான காரணம்.

2014 மார்ச் 1 முதல் ஹெச்1 அட்டவணை அமலுக்கு வந்தது. செபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், காசநோய் மருந்துகள் உட்பட 46 மருந்துகள் அதில் இருந்தன. இவற்றை விற்றால் தனி ரெஜிஸ்டரில் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுத வேண்டும். ரெஜிஸ்டரை 3 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நானும் எழுதினேன். சீட்டே இல்லாமல் விற்றதற்கும் எழுதினேன். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து, அன்று போன மாத்திரைகளுக்கெல்லாம் மனதில் தோன்றிய பெயர்களை நிரப்புவேன். இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயரைக்கூட எழுதியிருக்கிறேன். அந்த வேலை சலித்துப்போனதும், அந்தப் பட்டியலில் இல்லாத சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் அசித்ரோமைசினுக்கும் பெரும்பாலும் மாறிக்கொண்டேன். அவற்றுக்கும் சீட்டு கட்டாயம்தான், அந்தத் தனி ரெஜிஸ்டர் மட்டும் தேவைப்படவில்லை. சட்டம் இறுகியது. என் விற்பனை குறையவில்லை.

தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுநாள் வாடிக்கை. இருமல் என்று வந்தார், சிரப் கொடுத்தேன். பிறகு வந்து சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்றார், லீவோ ஐந்து மாத்திரை கத்தரித்துக் கொடுத்தேன். “நல்லாக் கேட்டுச்சு அண்ணாச்சி, ராவுல நல்லா உறங்குனேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மறுபடி இருமல், மறுபடி லீவோ, மறுபடி கேட்டது. இப்படியே மாதங்கள் ஓடின. ரவிக்கை தொளதொளத்துத் தோளில் நிற்காமல் சரிவதை என் கண்ணே பார்த்தது. “என்ன தாயி, இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?” என்று கேட்டேன். “வயித்துக்குச் செல்ல மாட்டேங்கு அண்ணாச்சி” என்றார். அதைக் காதால் கேட்ட பிறகும் ஒரு டானிக் பாட்டிலை எடுத்து நீட்டினேன். விடாத இருமல், அந்திக் காய்ச்சல், மெலிவு. மூன்றும் சேர்ந்தால் என்ன நோய் என்று எங்கள் ஊரில் எழுத்து தெரியாத கிழவிகூடச் சொல்லிவிடுவாள். பார்மசி படித்த நான் சொல்லவில்லை.

ஒருநாள் சளியில் ரத்தம் கண்டு பயந்து அரசு மருத்துவமனைக்குப் போனார். காசநோய். ட்ரூநாட் பரிசோதனையில் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிற கிருமிதான் என்று தெரிந்தது. வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதித்தார்கள். சின்ன மகளுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அதுவும் காசநோய்தான். அம்மாவோடு ஒரே பாயில் படுக்கிற பிள்ளை. நான் லீவோ கத்தரித்துக் கொடுத்த அத்தனை மாதமும் அந்தப் பாயில்தான் படுத்திருந்தாள்.

லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியது. முழுதாகத் தீர்க்காது. காய்ச்சல் இறங்கும், இருமல் தணியும், சளியில் கிருமி குறைந்து பரிசோதனையில்கூடச் சிக்காமல் போகலாம். குணமாகிவிட்டது என்று நோயாளி நினைப்பார். அதற்குள் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குத் தொற்றிவிடும். டெல்லி, மும்பை, பாட்னா மூன்று நகரங்களில் 622 மருந்துக் கடைகளுக்கு, பயிற்சி கொடுத்த ஆட்களை நோயாளிபோல அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. வாரக்கணக்கில் இருமல், காய்ச்சல் என்று போய் நின்றவர்களுக்கு 37 சதவீதச் சந்திப்புகளில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்ற ரிப்போர்ட்டைக் காட்டியபோதும் 16 சதவீதத்தில் கொடுத்தார்கள். நான் தனி ஆள் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. இந்தியாவில் இத்தனை கவுண்டர்களில் இத்தனை பாய்களா என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதச் சிகிச்சை முடிந்து அந்தப் பெண் கடைக்கு வந்தார். முகத்தில் தெளிவு வந்திருந்தது. “சளியில கிருமி இல்லன்னு சொல்லிட்டாக அண்ணாச்சி. பெறகு எதுக்கு இன்னும் நாலு மாசம்? மாத்திரையத் தின்னா வயித்தப் பெரட்டுது. நிப்பாட்டிரட்டுமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “டாக்டர் சொன்னபடி தின்னு தாயி, விட்டுராத” என்று மட்டும் சொன்னேன். சளியில் கிருமி இல்லை என்றால் மாத்திரை யாரைக் கொல்வதற்கு? என்னைப் போன்ற ஒருவனுக்கு இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டாமா? அதற்குப் பிறகுதான் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நான் கல்லூரியில் படித்தது எதிர்ப்பு ஒன்றைத்தான். கிருமியின் மரபணுவில் மாற்றம் நேர்கிறது. மருந்து போய் ஒட்ட வேண்டிய இடம் உருமாறிவிடுகிறது, அல்லது மருந்தையே சிதைக்கிற நொதி கிருமிக்குக் கிடைத்துவிடுகிறது. பிறகு அது மருந்துக்கு நடுவிலேயே பெருகும், அடுத்த தலைமுறைக்கும் அந்தக் குணத்தைக் கொடுக்கும். மருந்து கேட்கவில்லை என்றால் கிருமி எதிர்ப்புப் பெற்றுவிட்டது, இதைவிடப் பவரான மருந்தைக் கொடு. என் தொழில் ஞானம் முழுவதும் இதுதான். மாறாத கிருமியும் மருந்துக்குத் தப்பும் என்பது எனக்குத் தெரியாது.

1944லேயே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெனிசிலின் புதிதாக வந்திருந்த காலம். டப்ளினைச் சேர்ந்த ஜோசப் பிக்கர், சீழ் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளை வளர்த்து அதில் பெனிசிலினைக் கலந்தார். ஏறக்குறைய எல்லாம் செத்தன. பத்து லட்சத்தில் ஒன்றுபோல் சில மட்டும் பிழைத்தன. எதிர்ப்புப் பெற்றவையோ என்று அவற்றைத் தனியே எடுத்து வளர்த்து மறுபடி பெனிசிலினைக் கொடுத்தார். பழையபடியே செத்தன, பழையபடியே மிகச் சில பிழைத்தன. பிழைத்தவை வேறு இனமே இல்லை. மருந்து வந்த நேரத்தில் அவை வளராமல் இருந்தன, அவ்வளவுதான்.

கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். புரட்டாசியில் ஒரு மழை விழுந்ததும் சாரணைக் களை பச்சைப் பசேல் என்று முளைத்து நிற்கும். உழுது புரட்டிவிட்டால் காடு சுத்தமாகிவிடும். அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். மண்ணில் கிடந்த விதை எல்லாமே முதல் மழைக்கு முளைத்துவிடுவதில்லை. பின்னால் முளைப்பதும் அதே சாரணைதான், கலப்பை பட்டால் அதுவும் சாகும். முதல் உழவின்போது அது விதையாகக் கிடந்ததால் தப்பியது. எல்லாமே ஒரே நாளில் முளைத்திருந்தால் அந்தச் செடி எப்போதோ எங்கள் மண்ணைவிட்டுப் போயிருக்கும்.

தூங்குகிற கிருமியை மருந்து ஏன் தொடுவதில்லை என்பதற்குக் காரணம் மருந்தின் வேலையிலேயே இருக்கிறது. பெனிசிலின், கிருமி தன் சுவரைக் கட்டும்போது அந்தக் கட்டுமானத்தைக் குலைக்கிறது. சுவர் கட்டாத கிருமியிடம் அதற்கு வேலை இல்லை. சிப்ரோவும் லீவோவும் மரபிழையைப் பிரித்து நகலெடுக்க உதவும் நொதியை இறுக்கிப் பிடித்து இழையை அறுபட வைக்கின்றன. நகலெடுக்காத கிருமிக்கு அந்த அடி பலமாக விழுவதில்லை. 2004இல் நாதலி பலபானும் சகாக்களும் ஈ.கோலி கிருமிகளை மயிரிழை போன்ற கால்வாய்களில் ஒவ்வொன்றாக நிறுத்தி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மருந்துக்குத் தப்பியவை, மருந்து வருவதற்கு முன்பே மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தவை. பட்டினி, பிராணவாயுக் குறைவு, அமிலம் என்று நெருக்கடி கூடும்போது இப்படி ஒடுங்குகிற கிருமிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது.

இந்தக் கலையில் காசநோய்க் கிருமியை மிஞ்ச ஆள் இல்லை. ஈ.கோலி சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இது இரண்டாக ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். உடம்பு அதைச் சுற்றி அணுக்களை அடுக்கி அடைத்துவைக்கும்போது, உள்ளே காற்றும் இரையும் குறைந்து இன்னும் ஒடுங்கிவிடும். அதனால்தான் ஒரு மருந்து போதாமல் நாலு மருந்து. ஐசோநயாசிட் வேகமாகப் பெருகுகிறவற்றை முதல் சில நாட்களிலேயே பெருமளவு கொன்றுவிடும். சளியில் கிருமி குறைவதும் நோயாளிக்குத் தெம்பு வருவதும் அதனால்தான். பைரசினமைடு, அமிலச் சூழலில் மந்தமாகக் கிடப்பவற்றைத் தேடும். ரிஃபாம்பிசின், தூக்கத்திலிருந்து சற்றே கண்விழிக்கிற கிருமியைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் கிருமி கண்விழிக்கும் வரை அது உடம்பில் காத்திருக்க வேண்டும். அந்தப் பெண் கேட்ட நாலு மாதம் அந்தக் காத்திருப்புக்குத்தான். சளியில் கிருமி இல்லை என்றால், முளைத்தவை போய்விட்டன என்று மட்டுமே பொருள்.

இந்தச் சிகிச்சை முறையின் வரலாற்றில் நம் மாநிலத்துக்குப் பெரிய பங்கு இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டுக் குணப்படுத்துவதற்குச் சமமாக, நெருக்கடியான ஏழை வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாக முடியும் என்று 1959இல் அவர்கள் காட்டினார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். சிகிச்சை காலத்தைச் சுருக்கவும் அதே நிறுவனம் முயன்றது. லீவோவின் குடும்பத்தைச் சேர்ந்த கேட்டிஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் மருந்துகளைச் சேர்த்து 4 மாதத்தில் முடிக்கப் பார்த்தார்கள். சிகிச்சை முடியும்போது நோயாளிகள் நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு நோய் திரும்பி வந்தவர்கள் அதிகமாக இருந்ததால் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் விவரம் 2013இல் வெளிவந்தது. ரிஃபாபென்டின் என்ற மருந்தையும் மாக்சிஃப்ளாக்சசினையும் சேர்த்து 4 மாதத்தில் முடிக்கும் வழியை 2021இல்தான் உலகம் கண்டது. ஆராய்ச்சியாளர்கள் இத்தனை வருடம் போராடி நாள் எண்ணியிருக்கிறார்கள். நான் கத்தரிக்கோலால் எண்ணினேன்.

தூக்கம் ஒன்று, எதிர்ப்பு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் தாங்குதிறன் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பெற்ற கிருமிக்கூட்டம் மருந்தில் சாகத்தான் செய்யும், ஆனால் சாக அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். சிதம்பரத்தில் பிறந்து ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனை நமக்குத் தெரியும். அவருடைய தங்கை லலிதா ராமகிருஷ்ணன் காசநோய் ஆராய்ச்சியில் பெரிய பெயர். நம் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிய பிறகு, அந்த அணுவுக்குள் இருக்கிற கிருமி மருந்தை வெளியே தள்ளும் பம்புகளை முடுக்கிவிட்டுத் தாங்குதிறன் பெறுகிறது என்று அவருடைய குழு 2011இல் காட்டியது. பிரஷருக்காக நாங்கள் விற்கிற வெரபமில் அந்தப் பம்புகளைத் தடுத்ததையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். உடம்பு கொடுக்கும் நெருக்கடியே கிருமிக்கு மருந்தைத் தாங்கக் கற்றுக்கொடுக்கிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தவை இரண்டு ஆய்வுகள். இரண்டும் எருசலேமில் பலபானின் குழு செய்தவை. 2014இல் வெளியானதில், ஈ.கோலி கிருமிகளுக்கு ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும் ஆம்பிசிலின் கொடுத்துவிட்டு மருந்தைக் கழுவி எடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 3 மணி நேரம், இன்னொன்றுக்கு 5, மற்றொன்றுக்கு 8. சில நாட்களிலேயே அந்தந்தக் கூட்டம் தனக்கு மருந்து வருகிற நேரத்துக்கு ஏற்றபடி தூங்கும் நேரத்தை அமைத்துக்கொண்டது. 8 மணி நேரம் மருந்து பார்த்தது ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஒடுங்கிக் கிடந்து பிறகு எழுந்தது. 2017இல் அடுத்த படியைக் காட்டினார்கள். இப்படி விட்டுவிட்டு மருந்து கொடுத்தால் கிருமி முதலில் தாங்குதிறன் பெறுகிறது. அதனால் உயிரோடு எஞ்சுகிறவை கூடுகின்றன. எஞ்சியவற்றில்தான் பிறகு எதிர்ப்பு முளைக்கிறது. நிரந்தரமான எதிர்ப்புக்குத் தாங்குதிறனே வழியைத் திறந்துவிடுகிறது.

விட்டுவிட்டு மருந்து. நாலு மாத்திரை, இடைவெளி, மறுபடி நாலு மாத்திரை. அவர்கள் குடுவையில் பக்குவமாகச் செய்த சோதனையை நான் மனித உடம்புகளில் செய்துகொண்டிருந்தேன். ஒரு மருந்தை மட்டும் தனியாகவும் கொடுத்தேன். காசநோய்க் கிருமிகளில் பத்து லட்சத்துக்கு ஒன்றுபோல் ஐசோநயாசிட் கேட்காதவை இயல்பாகவே பிறக்கும். நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். எந்த மருந்தையும் தனியாகக் கொடுத்தால் அந்த மருந்து கேட்காதவை மட்டும் பிழைத்து இடத்தைப் பிடிக்கும். கூட்டு மருந்து கொடுப்பதன் அடிப்படையே இதுதான். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு 2024இல் நம் நாடு அங்கீகரித்த 6 மாதச் சிகிச்சையில் பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட் ஆகியவற்றோடு நாலாவதாக இருப்பது மாக்சிஃப்ளாக்சசின். இருமலுக்கு என்று நான் அள்ளிக் கொடுத்த லீவோவின் குடும்பத்து மருந்து. கடைசிக் கட்டத்தில் ஒரு நோயாளியைக் காப்பாற்ற வைத்திருக்கும் மருந்தை நான் செட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இது காசநோயோடு நிற்கிற கதையும் இல்லை. டைபாய்டுக்கு ஒரு காலத்தில் குளோராம்பெனிகால்தான் மருந்து. அதற்குக் கட்டுப்படாத டைபாய்டு 1972இல் பக்கத்து மாநிலத்தில் கோழிக்கோட்டிலேயே பரவியது. பிறகு சிப்ரோ வந்தது. நான் கடை போட்ட புதிதில் டைபாய்டு என்றால் சீட்டில் சிப்ரோதான் இருக்கும். இப்போது செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோவும்தான் எழுதுகிறார்கள். ஒரு மருந்து கண்ணெதிரே வலுவிழந்ததை என் ரேக்கிலேயே பார்த்தேன். சிப்ரோ விற்பனை குறைந்ததே என்று அப்போது கணக்குத்தான் பார்த்தேன், அது ஏன் வலுவிழந்தது என்று யோசிக்கவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். “கோர்ஸை முழுசா முடிங்க” என்று நாங்கள் சொல்கிற வாசகம் எல்லா நோய்க்கும் ஒரேபோலப் பொருந்தாது. பல சாதாரணத் தொற்றுகளுக்குக் குறைந்த நாள் மருந்தே போதும், தேவைக்கு மேல் சாப்பிடுவதும் உடம்பில் இருக்கும் மற்ற கிருமிகளை மரத்துப்போகச் செய்யும் என்று 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நிபுணர்கள் எழுதினார்கள். அதைப் படித்ததும், அப்படியென்றால் நான் நாலு மாத்திரை கொடுத்தது சரிதானே என்று ஒரு நிமிடம் மனம் தப்பிக்கப் பார்த்தது. சரியில்லை. 3 நாளா, 7 நாளா, 6 மாதமா என்பதைத் தீர்மானிக்க எந்தக் கிருமி, எந்த உறுப்பு, எந்த நோயாளி என்று தெரிந்திருக்க வேண்டும். காசநோயில் நாளைக் குறைக்கவே கூடாது. சாதாரணச் சளிக்கு வைரஸ்தான் காரணம், அதற்கு ஒரு நாள் ஆன்டிபயாடிக்கூடத் தேவையில்லை. நான் இரண்டு பேருக்கும் ஒரே செட்டைக் கொடுத்தேன்.

ஏழைகளுக்கு உபகாரம் என்ற என் வாதத்தையும் இப்போது நான் ஏற்கவில்லை. அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிற பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டியவரை, மாதக்கணக்கில் என் கடைக்குக் காசு கொடுக்க வைத்தேன். அரை நாள் கூலி போகக் கூடாது என்று தடுத்தேன். பிறகு அவர் நோயில் இழந்த கூலியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் ஆறு மாதமும் மாத்திரையைச் சாப்பிட்டு முடித்தார். மகளும் முடித்தாள். இருவரும் நலம். ஆனால் ஏறுவெயிலில் வேகமாக நடந்தால் இன்றும் அவருக்கு மூச்சு வாங்குகிறது. நான் என்ன செய்தேன் என்று அவரிடம் முழுதாகச் சொன்னேன். “நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி, நாந்தான கேட்டு வாங்குனேன்” என்றார். அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்ளக் கூடாது. கேட்டது அவர். தெரிந்திருக்க வேண்டியது நான்.

இப்போது என் கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடையாது. செட் கிடையாது. ரெஜிஸ்டரில் சீட்டில் இருக்கிற பெயர் மட்டும்தான் ஏறுகிறது. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, வேறு கடைக்கே மாறிவிட்டவர்களும் உண்டு. வருமானம் குறைந்தது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளத்தில், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க 2024 ஜனவரியில் தனிச் சோதனை நடவடிக்கையே தொடங்கினார்கள். இங்கேயும் அப்படி வர வேண்டும். எல்லாக் கடையும் ஒரே நாளில் நிறுத்தினால் வாடிக்கை நாலு கடை தள்ளிப் போகாது. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன், இனியும் சொல்வேன்.

கடை வைத்திருக்கிற தம்பிகளுக்கு, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று ஒருவர் வந்தால் சிரப்பையும் எடுக்காதீர்கள், லீவோவையும் எடுக்காதீர்கள். காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள், சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இலவசம். மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் வரும். விவரம் கேட்க 1800-11-6666 என்ற எண் இருக்கிறது, அழைக்கக் கட்டணம் இல்லை. அந்த எண்ணை உங்கள் கவுண்டரில், வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.